ஆய்வுக் கட்டுரையை எடைபோடுவது யார்?

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மூட்டைகள் எங்கோ கிடங்கில் இருக்கும். வணிகர் கைக்கு வருவது ஒரு சிறு மாதிரிதான். அதை உள்ளங்கையில் கொட்டி, நிறத்தையும் பருமனையும் பார்த்து, ஒன்றிரண்டை உடைத்து முகர்ந்து பார்ப்பார். காய் விளைந்த தோட்டத்தை அவர் பார்ப்பதில்லை. ஆயினும் பல ஆண்டுப் பழக்கத்தால் அந்த ஒரு பிடியிலேயே சரக்கின் தரத்தை ஏறக்குறையச் சொல்லிவிடுகிறார்.

விஞ்ஞானிகளின் ஆய்வுக் கட்டுரைகளும் இப்படித்தான் எடைபோடப்படுகின்றன. கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினால், அதன் ஆசிரியர் அதே துறையில் உழைக்கும் இரண்டு மூன்று பேருக்கு அதை அனுப்புகிறார். இவர்களை நடுவர்கள் என்று சொல்லலாம். கணக்கு சரியா, கருவி நம்பத்தக்கதா, சொல்லப்படும் முடிவுக்கு வேறு விளக்கம் இருக்க முடியாதா, இதே வேலையை முன்பே யாரேனும் செய்துவிட்டார்களா என்று அவர்கள் பார்த்து எழுதுகிறார்கள். பெரும்பாலும் நடுவர் யார் என்பது கட்டுரையாளருக்குத் தெரியாது. சில இதழ்களில் கட்டுரையாளரின் பெயரையும் நடுவரிடமிருந்து மறைத்துவிடுவார்கள். ஏற்பதா, திருத்தச் சொல்வதா, திருப்பி அனுப்புவதா என்ற முடிவு மட்டும் ஆசிரியருடையது. நடுவர் கருத்துச் சொல்பவரே. தீர்ப்புச் சொல்பவர் அல்லர்.

நடுவர் பார்ப்பதும் மாதிரியைத்தான், மூட்டையை அல்ல. இதை மறந்துவிட்டால் இனிச் சொல்லப்போகும் கதை விளங்காது.

தேனி மாவட்டத்தில் இந்தப் பேச்சை எடுப்பதற்குக் காரணம் உண்டு. தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரம் அருகே, போடி மேற்கு மலைக்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து, நியூட்ரினோ ஆய்வுக்கூடம் ஒன்றை அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். அன்று தொடங்கி இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கேள்வி கேட்கப்பட்டு வருகிறது: “இதையெல்லாம் யார் சரிபார்த்தார்கள்?” நியாயமான கேள்வி. இதற்கு விடை தேட, இந்தத் திட்டத்தின் மூதாதையான கோலார் தங்கவயலுக்குப் போகவேண்டும்.

நியூட்ரினோ என்பது மின்னூட்டம் இல்லாத, எடை மிக மிகக் குறைந்த துகள். கோடிக்கணக்கில் நம் உடலை ஊடுருவிப் போகிறது, நாம் உணர்வதில்லை. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போதும் நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. அவற்றைப் பிடிக்க வேண்டுமானால் மற்றத் துகள்களின் இரைச்சல் எட்டாத ஆழத்துக்கு இறங்க வேண்டும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோலார் சுரங்கத்தில் மேலிருந்து கீழே படிப்படியாக அளந்துகொண்டு வந்தார்கள். மிக ஆழமான இடத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. வேறொருவராக இருந்தால் சோர்ந்து போயிருப்பார். அவர்களோ, நியூட்ரினோவைத் தேட இதைவிட அமைதியான இடம் கிடைக்காது என்று மகிழ்ந்தார்கள்!

பம்பாய்க் குழுவுடன் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்தன. தரைக்கு அடியில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகளையும் நியான் குழாய்களையும் சுவர்போல் நிறுத்தி வைத்தார்கள். ஏன் சுவர்போல்? மேலிருந்து வரும் மியூவான் துகள்கள் பெரும்பாலும் செங்குத்தாகவே இறங்கும். பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்தால், அது பல கிலோமீட்டர் பாறையைத் துளைத்து வந்திருக்க வேண்டும். அது நடவாத காரியம். ஆகவே அந்த மியூவான் அருகிலிருந்த பாறைக்குள்ளேயே ஒரு நியூட்ரினோவால் பிறந்திருக்க வேண்டும். எந்த நடுவரும் முதலில் கேட்கக்கூடிய கேள்வி, “இது சாதாரண மியூவானாக இருக்கலாமே?” என்பதுதான். அதற்கு விடையைக் கருவியின் நிலையிலேயே வைத்துவிட்டார்கள். நல்ல கட்டுரை நடுவரின் மேசையில் அல்ல, சோதனைக்கூடத்திலேயே திருத்தப்படுகிறது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

அதே சமயத்தில் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே இன்னொரு தங்கச் சுரங்கத்தில், இன்னும் அதிக ஆழத்தில், அமெரிக்க விஞ்ஞானி பிரெடரிக் ரைன்ஸ் குழுவினரும் இதே வேட்டையில் இருந்தார்கள். அவர்களுக்கு முதல் நிகழ்ச்சி பதிவானது 1965 பிப்ரவரி 23 அன்று. கோலாரில் அதற்குப் பின்னர்தான். ஆனால் கோலார்க் கட்டுரை ‘பிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழுக்கு வந்து சேர்ந்த நாள் ஜூலை 12. வெளியானது ஆகஸ்ட் 15. ரைன்ஸ் குழுவின் கட்டுரை ‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழுக்கு வந்தது ஜூலை 26. வெளியானது ஆகஸ்ட் 30. இரண்டு வார இடைவெளி. யார் முதலில் கண்டார்கள் என்பதற்கு ஒரு விடை, யார் முதலில் அறிவித்தார்கள் என்பதற்கு வேறொரு விடை. இன்று இரு குழுவினருக்கும் சேர்த்தே பெருமை தரப்படுகிறது. தமிழ்த் தொழிலாளர் ஏராளமாக உழைத்த அந்தச் சுரங்கத்திலிருந்து போன செய்திக்கு இந்தப் பெருமையைக் காத்துத் தந்தது, கட்டுரையின் தலைப்புக்கருகே அச்சான ஒரு தேதிதான்.

தேதியைக் குறிக்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665 மார்ச்சில் ‘பிலசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ என்ற இதழைத் தொடங்கினார். தம் கண்டுபிடிப்பை இன்னொருவர் தமதென்று சொல்லிவிடுவாரோ என்ற அச்சத்தால், அக்காலத்தில் பலர் எதையும் வெளியிடாமல் பூட்டி வைத்திருந்தார்கள். இன்னார் இன்ன நாளில் தெரிவித்தார் என்று பதிந்து அச்சிட்டதும் அச்சம் குறைந்தது. அக்கம்பக்கத்தார் தெரிய வரப்பு வெட்டுவது போன்ற ஏற்பாடு.

ஆனால் ஓல்டன்பர்க் காலத்தில் இன்றைய முறையிலான நடுவர்கள் இல்லை. 1752-இல் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு வந்தது. 1830-க்குப் பிறகுதான், ஒவ்வொரு கட்டுரைக்கும் எழுத்து மூலமாகக் கருத்து வாங்கலாம் என்று வில்லியம் ஹ்யூவெல் யோசனை சொன்னார். முதல் கட்டுரைக்கு அவரும் ஜான் லப்பக்கும் நடுவர்கள். வேடிக்கை என்னவென்றால், முதல் முயற்சியிலேயே இருவரும் ஒத்துப்போகவில்லை! ஹ்யூவெல் கட்டுரையின் சிறப்பைப் பேச விரும்பினார். லப்பக் அதிலுள்ள குறைகளைப் பிடித்தார். நடுவர்கள் இன்றும் இந்த இரு வகையாகத்தான் இருக்கிறார்கள்.

இந்த வழக்கம் எல்லா இதழ்களிலும் உடனே பரவிவிடவில்லை. 1953-இல் டி.என்.ஏ.-யின் அமைப்பைச் சொன்ன வாட்சன்–கிரிக் கட்டுரை நடுவரிடம் போகாமலே ‘நேச்சர்’ இதழில் வந்தது. அவ்விதழ் நடுவர் முறையைக் கட்டாயமாக்கியது 1973-இல்தான். நம் ராமானுஜனின் முதல் கட்டுரை 1911-இல் இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழில் வெளியான கதையும் இங்கே நினைக்கத்தக்கது. அங்கே நடுவர் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் இதழாசிரியர் நாராயண ஐயங்கார். ராமானுஜன் படிகளைத் தாண்டித் தாண்டி எழுதுவார், படிப்பவருக்குப் புரியாது. கட்டுரை மூன்று முறை திரும்பிப் போய் வந்தது. குப்பைக் கூடையில் போடுவது எளிதாக இருந்திருக்கும். அவர் போடவில்லை. நடுவர் முறையின் நல்ல பக்கம் அதுவே: கட்டுரையைத் தடுப்பதைவிட, பிறர் படிக்கும்படி ஆக்குவது.

ஐன்ஸ்டைனுக்கே இது பிடிக்காமல் போனதுண்டு. ஈர்ப்பு அலைகள் இல்லை என்று வாதித்து, அவரும் நாதன் ரோசனும் 1936-இல் ‘பிசிக்கல் ரிவ்யூ’ இதழுக்குக் கட்டுரை அனுப்பினார்கள். ஆசிரியர் ஜான் டேட் அதை ஒரு நடுவருக்குக் காட்டினார். பத்துப் பக்கக் குறிப்புடன் கட்டுரை திரும்பி வந்தது. அச்சிடத்தான் அனுப்பினேன், பிறரிடம் காட்ட அனுமதி தரவில்லை என்று சினந்து ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் 1937-இல் அது வேறோர் இதழில் வந்தபோது முடிவு மாறியிருந்தது. அலைகள் இல்லை என்ற வாதம் காணாமற் போயிருந்தது. அந்த நடுவர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்பது 2005-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஈர்ப்பு அலைகள் 2015 செப்டம்பரில் கருவியிலேயே பதிவாகிவிட்டன.

இவ்வளவும் நடுவர் வென்ற கதைகள். மறுபக்கத்துக்கு மீண்டும் கோலாருக்கே போகலாம். 1980-இல் அங்கே 140 டன் எடையுள்ள ஒரு கருவியை நிறுவினார்கள். புரோட்டான் துகள் அழியுமா என்று பார்ப்பது நோக்கம். 1981-இல் அழிவாக இருக்கலாம் என்று கருதத்தக்க சில நிகழ்ச்சிகளைக் கண்டதாக ‘பிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழிலேயே கட்டுரை வெளிவந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு அமெரிக்காவில் ஓர் உப்புச் சுரங்கத்திலும் ஜப்பானின் கமியோக்காவிலும், ஆயிரக்கணக்கான டன் தண்ணீரை நிரப்பிய பெரிய தொட்டிகளை வைத்துத் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. புரோட்டான் அழிந்ததை இன்றுவரை எவரும் உறுதியாகக் கண்டதில்லை.

அப்படியானால் 1981-இல் நடுவர் தவறு செய்தாரா? இல்லை என்பதே என் கருத்து. கருவி விவரம் தெளிவாக இருந்தது. கட்டுரையாளர்கள் ‘இருக்கலாம்’ என்ற எல்லையைத் தாண்டவில்லை. மாதிரி நன்றாகவே இருந்தது. மூட்டையை அவிழ்க்க அதைவிடப் பெரிய கருவி தேவைப்பட்டது. நடுவர் ஏற்றார் என்றால், இது பேசத் தகுந்தது என்று பொருள். உண்மை என்று முத்திரை குத்தியதாகப் பொருள் இல்லை. செய்தித்தாள்கள் அடிக்கடி இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

இப்போது பொட்டிப்புரத்துக்குத் திரும்புவோம். கோலாரில் ஆய்வுகள் 1990-களின் தொடக்கத்தில் நின்றன. சுரங்கமே 2001-இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு வேறு இடம் தேடினார்கள். நீலகிரியில் சிங்காரா யானைகளின் வழித்தடம் என்பதால் 2009-இல் மறுக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கிலேயே சுருளியாறும் பேச்சில் வந்தது; காட்டை அழிக்க நேரும் என்பதால் கைவிடப்பட்டது. கடைசியில் மரம் அடர்ந்திராத இந்தப் பாறை மலை. 50,000 டன் இரும்புக் கருவியால் என்ன காண முடியும் என்ற விரிவான கட்டுரை, 2017-இல் பெங்களூரிலிருந்து வரும் ‘பிரமாணா’ இதழில் வெளியானது. இயற்பியலைப் பொறுத்தவரை, யார் சரிபார்த்தார்கள் என்ற கேள்விக்கு இது விடை.

ஆனால் பள்ளத்தாக்கு மக்கள் கேட்டது வேறு. நிலத்தடி நீர் என்ன ஆகும், வெடி வைத்தால் மலை என்ன ஆகும், காட்டு விலங்கு எங்கே போகும்? இவற்றை எந்த இயற்பியல் நடுவரும் பார்ப்பதில்லை. பார்க்கும் தகுதியும் அவருக்கு இல்லை. அதற்குத் தனி ஆய்வறிக்கை, தனி மதிப்பீட்டாளர். அங்கேதான் திட்டம் இடறியது. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தபோது, இரண்டு காரணங்கள் முக்கியமாக இருந்தன. ஒன்று, கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதால், மேலும் கடுமையான பிரிவில் திட்டம் பரிசீலிக்கப்பட்டிருக்க வேண்டும். மற்றொன்று, சுற்றுச்சூழல் அறிக்கையைத் தயாரித்த நிறுவனத்துக்கு அதற்குரிய அங்கீகாரம் இல்லை. எடைபோட்டவரையே யார் எடைபோட்டார்கள் என்ற கேள்வி! நல்ல ஆய்விதழாசிரியர் ஒவ்வொரு கட்டுரைக்கும் நடுவர் தேடும்போது தம்மையே கேட்டுக்கொள்வதும் இதைத்தான். திட்டக்காரர்கள் இயற்பியலில் காட்டிய கண்டிப்பை இங்கே காட்டாமல் போனது எனக்கு வருத்தமே.

2018-இல் அனுமதி மறுபடி தரப்பட்டது. தீர்ப்பாயமும் நிபந்தனைகளுடன் அதை ஏற்றது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, பெரியாற்றுக்கும் மதிகெட்டான் சோலைக்கும் இடையிலான புலிகளின் வழித்தடத்தைச் சுட்டிக்காட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையில் இதை அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. நியூட்ரினோக்களின் எடை வரிசையைக் கண்டறியும் நோக்கத்துடன் சீனா அமைத்த நிலத்தடி ஆய்வுக்கூடம் 2025 ஆகஸ்டில் பதிவுகளைத் தொடங்கிவிட்டது. இரண்டு வாரத்தில் முந்திய கோலாரின் கதை இங்கே திரும்பவில்லை.

மதுரையில் 85 டன் எடையுள்ள ஒரு சிறு மாதிரிக் கருவி மட்டும் தரைக்கு மேல் இயங்கியது. மலைக்கு அடியில் கேட்க வேண்டிய அமைதி அங்கே இல்லை. ஆகவே அது காஸ்மிக் மியூவான்களை எண்ணியது. அந்தக் கணக்குகளும் கட்டுரைகளாகி, நடுவர்களின் கை வழியே ஆய்விதழ்களுக்குப் போயின.