சோழமண்டலம்: ஓவியர்கள் சங்கம் சேர்ந்த கதை

லீவுக்குச் சென்னை போகிற நம் குடும்பங்கள் ஒரு நாளாவது மாமல்லபுரத்துக்கு வண்டி பிடிப்பதுண்டு. வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் 'சோழமண்டலம்' என்ற பெயரைப் பார்த்து, "வரும்போது இறங்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தாண்டியிருப்போம். நானும் பல தடவை அப்படித் தாண்டியவன்தான்.

1850-இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்கு 1957-இல் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்தவர். அவரை ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது: படிப்பு முடித்த பையன் சோற்றுக்கு என்ன செய்வான்? பம்பாயில் 1952-லேயே ஜஹாங்கீர் கலைக்கூடம் வந்துவிட்டது. சென்னையிலோ நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆளே அபூர்வம். விளம்பரக் கம்பெனி, துணி டிசைன், இல்லாவிட்டால் டிராயிங் மாஸ்டர் வேலை. அதில் சேர்ந்தவன் தூரிகையை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்தான். அப்புறம் மறந்தே போனான்.

பணிக்கரும் மாணவர்களும் கண்ட வழி எளிமையானது. ஓவியம் விற்காது, கைவினைப் பொருள் விற்கும். துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் வேலையை எல்லாரும் செய்தார்கள். தோல், உலோகம், மண்பாண்டம் என்று வேலை விரிந்தது. இதற்கென்றே கைவினைச் சங்கம் ஒன்று அமைத்தார்கள். அந்த வருமானத்தில்தான் 1966-இல் கடலோரத்தில் சுமார் பத்து ஏக்கர் மணல் நிலம் வாங்கினார்கள். யாரும் இனாமாகத் தந்ததல்ல.

தனியாக ஒருத்தர் பாத்திக் போட்டுப் பிழைத்திருக்க முடியாதா? முடியும். ஆனால் சாயம் வாங்குவதும் வாடிக்கையாளரைத் தேடுவதும் அவர் தலையில்தான். சீக்கிரத்தில் அவர் கடைக்காரர் ஆகிவிடுவார். பட்டறையும் விற்பனையும் பொதுவானால் ஆளுக்குக் கொஞ்ச நேரம் மிஞ்சும். அந்த மிச்ச நேரம்தான் ஓவியம். நாம் வெளியூரில் சொசைட்டி சேர்ந்து ஃபிளாட் கட்டியது கூரைக்காக; இவர்கள் சேர்ந்தது பொழுதுக்காக. பெயர் என்னவோ சங்கம், நடைமுறை கூட்டுறவு. வாங்குகிறவர் ருசிக்கு வளைய வேண்டியது பாத்திக் மட்டும், படம் அல்ல. இதுதான் பெரிய லாபம் என்பது என் எண்ணம்.

எல்லாரும் அங்கேயே தங்கிவிடவில்லை. விஸ்வநாதன் பாரிஸ் போனார், எஸ்.ஜி. வாசுதேவ் பிற்பாடு பெங்களூர் போனார். பணிக்கர் 1977-இல் காலமானார். அவர் மகன், சிற்பி நந்தகோபால், கிராமத்தைப் பல வருஷம் தாங்கினார். சென்னை இயக்கத்து ஓவியங்களுக்கென்று 2009-இல் அங்கே அருங்காட்சியகம் திறந்தது. அவரும் 2017-இல் போய்விட்டார்.

அன்றைய மணல்காடு இன்று ஈ.சி.ஆர். ரோட்டுப் பொன் நிலம். ஓவியரின் வீடு பிள்ளைக்குப் போகலாம். பிள்ளை தூரிகை எடுக்காவிட்டால் பொதுப் பட்டறையில் அவருக்கு என்ன வேலை? பாத்திக் விற்று நிலம் வாங்கிய தலைமுறைக்கு இந்தக் கேள்வி எழவில்லை. அவர்கள் எல்லாருமே ஓவியர்கள்.