பத்திரம் ஒன்று, பட்டா ஒன்று: வீடு வாங்குவதன் வரலாறு

பரளச்சியில் பெரியவர்களிடம் வீட்டுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் கிரயப் பத்திரத்தை எடுத்துக் காட்டுவார்கள். பட்டா யார் பெயரில் என்று கேட்டால், பல வீடுகளில் அது இன்னும் பழைய ஆள் பெயரிலேயே இருக்கும். ஒரு வீட்டுக்கு ஏன் இரண்டு காகிதம்? இரண்டும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு காரணத்துக்காகப் பிறந்தவை என்பதுதான் பதில்.

முதலில் பட்டா. அது நிலவரியோடு வந்தது. 1803-ல் ஆங்கிலேயர் இராமநாதபுரத்தை நிரந்தர ஜமீனாக்கி மங்களேஸ்வரி நாச்சியாரிடம் கொடுத்தார்கள். திருச்சுழிப் பக்கம் இந்த ஜமீனுக்குள்தான் இருந்தது. குடியானவர் ஜமீனுக்குத் தீர்வை கட்டினார். ஜமீன் பட்டா கொடுக்க, குடியானவர் முச்சலிக்கா எழுதிக் கொடுத்தார். 1908-ம் வருட எஸ்டேட் நிலச் சட்டம் இந்த முறையை ஒழுங்குபடுத்தியது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அரசே நிலத்தை அளந்து பட்டா கொடுக்கத் தொடங்கியது.

ஆனால் ஊருக்குள் வீடுகள் இருக்கும் இடம் நத்தம். நத்தத்துக்குத் தீர்வை கிடையாது, அதனால் பட்டாவும் கிடையாது. 1980-களின் கடைசியில் வந்த நத்தம் நிலவரித் திட்டத்தில்தான் வீட்டு மனைகளை அளந்து பட்டா கொடுத்தார்கள். பெரியவர்கள் பத்திரத்தை மட்டும் பத்திரமாக வைத்ததற்குக் காரணம் இதுதான்.

அடுத்து பத்திரம். 1864-ல் வந்த பதிவுச் சட்டம், நிலம் தொடர்பான முக்கிய ஆவணங்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. 1882-ம் வருட சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீட்டைப் பதிவுப் பத்திரம் இல்லாமல் விற்க முடியாது. இப்போது நடைமுறையில் இருப்பது 1908-ம் வருட பதிவுச் சட்டம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் தெற்கு மாநிலத்தில் 1858-ல் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளர் என்று அரசு உறுதி கொடுத்தது. நம் நாட்டில் அப்படி இல்லை. இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதைத்தான் சார்பதிவாளர் பதிகிறார். எழுதிக் கொடுத்தவருக்கு அந்த வீடு சொந்தம்தானா என்பதற்கு அரசு ஜவாப்தாரி அல்ல. அதைப் பார்ப்பது வாங்குபவர் பொறுப்பு.

வீடு வாங்கும் வரிசையே இதிலிருந்து வந்ததுதான். அச்சாரம் கொடுக்கும் முன் தாய்ப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று போட்டு அடமானம், பழைய விற்பனை எல்லாம் பார்க்க வேண்டும். பூர்வீகச் சொத்து என்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இதையும் பதிவு செய்வது கட்டாயம். ஒப்பந்தம் மட்டும் வீட்டைச் சொந்தமாக்காது. பவர் பத்திரம் மூலம் "விற்றதும்" கிரயம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லிவிட்டது.

கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம். 20 லட்ச ரூபாய் வீட்டுக்கு 1,80,000 ரூபாய் ஆகிறது. 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 1 சதவீதம்தான்.

இவ்வளவு செலவு செய்தபின் கடைசிப் படியான பட்டா மாறுதலை விட்டுவிடுகிறோம். மனையைப் பிரித்து வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். அலைச்சல் என்று தள்ளிப் போடுவோம். வாங்கியவர் காலமான பிறகு, பட்டாவில் பெயர் உள்ளவரின் பேரன் வந்து நிற்கும்போதுதான் வழக்கு தொடங்கும். பட்டா மட்டும் உரிமையைக் கொடுக்காது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் அதை நிரூபிக்க வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும்.

பெட்டியில் இருக்கும் பத்திரத்தை ஒருநாள் எடுத்து, பட்டாவில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதி வாங்கியவர் உயிரோடு இருக்கும்போதே பார்ப்பது நல்லது.