தாழ்ந்த இமையின் வரலாறு

ஒருவருடைய ஒரு கண்ணின் இமை சற்றே தாழ்ந்திருக்கிறது. அக்கண்ணின் பாவை மற்றதனினும் சுருங்கியிருக்கிறது. முகத்தின் அப்பாதியில் வியர்வை அரும்புவதில்லை. நோவு இல்லை, பார்வைக்கும் குறைவில்லை. ஆதலின் உறக்கம் போதவில்லை என்று சொல்லி உடையவரே இதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடுவது உண்டு. ஆயினும் இவை ஒருங்கே தோன்றுமாயின், தலைக்குச் செல்லும் பரிவு நரம்பு தன் நெடுவழியில் எங்கோ ஊறுபட்டிருக்கிறது என்பது பொருள். இதனை மனிதர் தெளிந்துகொள்ள ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் சென்றன.

முதலில் கண்டவர் பிரெஞ்சுப் படையில் மருத்துவராயிருந்த பூர்ஃபூர் டு பெத்தி. கழுத்தின் வழியே செல்லும் அந்நரம்பு மூளையிலிருந்து கீழே இறங்குவது என்றே அக்காலத்து அறிஞர் கருதினர். பெத்தி, நாய்களின் கழுத்தில் அதனை அறுத்துப் பார்த்தார். நரம்பு மேலிருந்து இறங்குவதாயின், அறுத்த இடத்திற்குக் கீழே உள்ள உறுப்புகளல்லவா கெடவேண்டும்? கெட்டதோ மேலே இருந்த கண். எனவே, நரம்பு கீழிருந்து மேலே ஏறுகிறது என்று அவர் 1727-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்திற்கு எடுத்துரைத்தார். எளிய வாதம், ஆயினும் அசைக்க முடியாத வாதம்.

'பரிவு' என்னும் பெயர் எப்படி வந்தது என்று நேயர்கள் வினவலாம். ஓர் உறுப்பு துன்புற்றால் மற்றோர் உறுப்பும் உடன் வருந்துவதற்கு இந்நரம்புகளே காரணம் என்று முன்னோர் எண்ணினர். 1732-இல் வின்ஸ்லோ என்னும் உடற்கூற்று அறிஞர் அக்கருத்திலேயே இதற்குப் பெயரிட்டார். அக்கருத்து பிற்காலத்தில் நிலைக்கவில்லை, பெயர் நிலைத்துவிட்டது. சொற்களை மொழிபெயர்த்துப் பிழைக்கும் நமக்கு இது புதுமையன்று.

1851-இன் இறுதியில் பாரிஸில் கிளாத் பெர்னார் முயலின் கழுத்தில் அதே நரம்பை அறுத்தார். அறுத்த பக்கம் குளிரும் என்று எதிர்பார்த்தார். நிகழ்ந்ததோ நேர்மாறு: முயலின் காது சிவந்து, தொட்டால் சுடும்படி வெப்பமேறியது. தம் கொள்கை பொய்த்ததற்காக அவர் கண்டதை மறைக்கவில்லை. அடுத்த ஆண்டில் பிரௌன் செக்கார் என்பவர், அறுபட்ட நரம்பின் மேல்முனையில் மின்சாரம் பாய்ச்சியவுடன் காது வெளிறிக் குளிர்ந்தது. இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைப்பது அந்நரம்பின் தொழில் என்பது இவ்வாறு புலனாயிற்று.

இவையெல்லாம் விலங்குகளிடம் கண்டவை. மனிதனிடம் காட்டியது போர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 மே மாதம் சான்சலர்ஸ்வில் களத்தில் ஒரு வீரனின் கழுத்தைத் துப்பாக்கிக் குண்டு துளைத்தது. அவன் பிழைத்தான், ஆனால் ஒரு பாவை சுருங்கிற்று, வெயிலில் நடந்தால் முகத்தின் ஒரு பாதி மட்டும் சிவந்தது. வீர் மிட்செல் முதலிய மூன்று மருத்துவர்கள் 1864-இல் இதனைப் பதிவு செய்தனர்.

ஜூரிச் நகரத்துக் கண் மருத்துவர் யோஹான் பிரீட்ரிக் ஹார்னர் 1869-இல் எழுதியதோ குண்டுபடாத ஒருத்தியைப் பற்றியது. நாற்பது வயதுக் குடியானவப் பெண். மகப்பேற்றுக்குப் பின் சில வாரங்களில் அவள் இமை தாழத் தொடங்கியது. பெர்னார் முதலியோர் விலங்குகளிடம் கண்டதே இது என்று ஹார்னர் உணர்ந்தார். நோய் அவர் பெயரையே பெற்றது. பிரெஞ்சுக்காரர் பெர்னாரின் பெயரையும் உடன் சேர்ப்பர். பெத்தியின் பெயரோ, நரம்பு எரிச்சலுற்றுப் பாவை விரியும் எதிர்நிலைக்குப் போய்ச் சேர்ந்தது. இப்பங்கீடு முறையானது என்று நமக்குத் தோன்றவில்லை.

அந்நரம்பின் வழி மூளையிலிருந்து தண்டுவடத்தின் ஊடே மார்பின் மேற்பகுதிக்கு இறங்குகிறது. நுரையீரலின் உச்சியைத் தழுவிக் கழுத்துத் தமனியுடன் மீண்டும் கண்ணுக்கு ஏறுகிறது. நுரையீரல் உச்சியில் வளரும் கட்டி, தோள்வலியோடு இமையையும் தாழ்த்துவதை அமெரிக்கக் கதிர்ப்பட மருத்துவர் பான்கோஸ்ட் 1924-இலும் 1932-இலும் விளக்கினார். கழுத்துவலியுடன் இமை திடீரெனத் தாழ்ந்தால் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம்; அது பக்கவாதத்தில் முடியக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

மருத்துவர் விளக்கை அணைத்தும் கண்ணைப் பார்ப்பார். இருளில் ஊறுபட்ட பாவை தாமதித்தே விரியும். இமை எப்போது தாழ்ந்தது என்றும் கேட்பார். இக்கேள்விக்கு விடை சொல்லப் பழைய புகைப்படம் போன்ற சாட்சி வேறில்லை. ஊரைவிட்டுப் புறப்பட்டபோது எடுத்த படம் பெட்டியில் கிடந்தால், அதனையும் எடுத்துச் செல்லலாம்.