இருபத்தெட்டுக்கு ஒன்றரை

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா ஒரு சோலியை என் தலையில் கட்டினாள். சாய்ப்பில் கிடக்கும் அப்பாவின் பழைய சைக்கிளை ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) போட்டு இடத்தைக் காலி பண்ணவேண்டும். "நீ சென்னா கேப்பாரு" என்றாள். கேட்கமாட்டார் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஊர் பெருங்கடவிளை. நெய்யாற்றின்கரையில் இருந்து வடகிழக்கே ஏழெட்டு கிலோமீட்டர். தெற்கே பாறசாலை, அதைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், இப்போது மெல்போர்னில் பிள்ளைகளோடு ஆங்கிலம்.

சைக்கிளைத் தூசி தட்டும்போது டயரின் ஓரத்தில் 28 x 1½ என்ற எழுத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் நூறு தடவை பார்த்த எழுத்துதான். ஆனால் இந்த முறை பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. உலகத் தர அளவில் இதே டயரை 40-635 என்று எழுதுவார்கள். 40 என்பது மில்லிமீட்டரில் அகலம், 635 ரிம்மின் விட்டம். நான் பெட்டியில் கட்டி விமானத்தில் கொண்டுபோயிருந்த 'கிராவல்' சைக்கிளின் டயர் 40-622. அதாவது அதே அகலம்!

அந்த 40க்கு நான் வந்து சேர்ந்த கதை கொஞ்சம் கேவலமானது. முதலில் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு 25 மில்லிமீட்டர் டயர் போட்ட ரோடு சைக்கிள் வாங்கினேன். அதை எடுத்துக்கொண்டு லில்லிடேலில் இருந்து வார்பர்ட்டன் போகும் பாதைக்குப் போனேன். 1901ல் போட்டு 1965ல் மூடிய ரயில் தடம் அது. தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் பொடிக்கல் பரப்பி, சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டிருக்கிறார்கள். சுமார் 40 கிலோமீட்டர். பாதித் தூரத்திலேயே கை விரல்கள் மரத்துப்போய், இரண்டு பஞ்சர் ஒட்டி, மகள் முன்னால் மானம் போய்த் திரும்பினேன். அதன்பிறகுதான் ஆறு மாதம் ஆராய்ச்சி செய்து கிராவல் சைக்கிள் வாங்கியது. ஆராய்ச்சியின் விடை எங்கள் சாய்ப்பிலேயே கிடந்திருக்கிறது.

கிராவல் சைக்கிள் என்னமோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி விற்கிறார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் 2006ல் 200 மைல் மண்சாலைப் பந்தயம் தொடங்கியது, இந்த மோகத்துக்கு அது பெரிய தூண்டுதல். 2022ல் இத்தாலியில் உலகச் சாம்பியன் போட்டியே நடத்திவிட்டார்கள். ஆனால் சைக்கிள் பிறந்த காலத்தில் எல்லாச் சாலையும் கிராவல்தானே? 1888ல் பெல்ஃபாஸ்டில் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் மாட்டியது, கரடுமுரடான தரையில் குலுங்காமல் ஓடத்தான். ஆஸ்திரேலியாவில் ஆட்டு ரோமம் வெட்டும் தொழிலாளிகள் பண்ணை பண்ணையாக மண்பாதையில் சைக்கிளில் போனார்கள். ஆர்தர் ரிச்சர்ட்சன் என்பவர் 1899 ஜூனில் பெர்த்தில் கிளம்பி, தார் என்பதே இல்லாத இந்தக் கண்டத்தைச் சுற்றி 1900 பிப்ரவரியில் அதே பெர்த்துக்கு வந்து சேர்ந்தார். (நான் வார்பர்ட்டனுக்கே போய்ச் சேரவில்லை.)

தார் வந்ததும் பந்தயக்காரர்கள் டயரை ஒடுக்கிக்கொண்டே போனார்கள். ஒல்லி டயர்தான் வேகம் என்று ஒரு மூடநம்பிக்கை வளர்ந்தது. பிரான்ஸில் பால் த விவி என்ற மனிதர் அகல டயர், கியர் இரண்டுக்கும் 1900களின் தொடக்கத்திலேயே வாதாடினார். கேட்க ஆளில்லை. கியர் மாற்றியைப் பிரெஞ்சு சுற்றுப் பந்தயத்தில் அனுமதித்ததே 1937ல்தான்.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது, மண்சாலைக்கு என்று பிரிட்டனில் செய்த அந்த 28 x 1½ உருமாறாமல் நம் பக்கம் வந்து தங்கிவிட்டது. 1949ல் முருகப்பா குழுமம் பர்மிங்ஹாம் நிறுவனத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் இந்த வகைதான். அப்பாவுடையதும் ஹெர்குலிஸ். நீளமான சட்டம், சாய்ந்த ஃபோர்க், தடித்த டயர். சரளில் ஏறினால் வழுக்காமல் நேராகப் போகும்.

எங்கள் ஊர்த் தரையைப் பற்றியும் சொல்லவேண்டும். அது செம்புறைக்கல், நாங்கள் வெட்டுக்கல் என்போம். பிரான்சிஸ் புக்கானன் என்ற வெள்ளைக்காரர் மலபாரில் அங்காடிப்புறத்தில் இதைப் பார்த்துவிட்டு 1807ல் 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் செங்கல் என்று பொருள். தோண்டும்போது மெதுவாக இருக்கும், வெயில் பட்டால் இறுகும். பொடிந்தால் கோலிக்குண்டு மாதிரி உருண்டைச் சரள். வெயில் காலத்தில் டயருக்கு அடியில் உருளும், மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் வாங்கும் ஊர் வேறு.

இந்தத் தரையில் எங்கள் பெரியமாமா செய்த சவாரிக்கு முன்னால் கான்சாஸ் பந்தயம் எம்மாத்திரம்! அதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கச் சொல்லி நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அவர்கள் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் உண்டு. 1956 நவம்பர் 1ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் அந்தப் பக்கம் போயின. நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம்.

திருவிதாங்கூரின் நெல் களஞ்சியம் நாஞ்சில்நாடு. அதாவது தோவாளையும் அகஸ்தீஸ்வரமும். சோறு அந்தப் பக்கம் போயிற்று, வயிறு இந்தப் பக்கம். 1957ல் தென்மாநிலங்களை ஒரே அரிசி மண்டலமாக வைத்திருந்ததால் கொஞ்ச காலம் பிரச்சினை தெரியவில்லை. 1964ல் அது கலைந்து மாநிலம்தோறும் தனி மண்டலம் ஆனபோது, நேற்றுவரை பெண் எடுத்துப் பெண் கொடுத்த ஊரில் இருந்து அரிசி கொண்டுவருவது கடத்தல் ஆகிவிட்டது. பெரிய சாலையில் போனால் அமரவிளை செக்போஸ்ட். எனவே பனச்சமூடு பக்கத்து ஊடுவழிகள். மாமா கேரியரில் அரிசி மூட்டையைப் பழைய ட்யூபால் இறுக்கிக் கட்டி, டைனமோ போடாமல், இருட்டில் சரள் இறக்கத்தில் வருவாராம். கம்பி பிரேக்கை நம்பாமல் காலை டயரில் வைத்து அழுத்துவாராம். ஒருமுறை ஓடைக்குள் விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் தென்னைமரத்தில் இருந்து விழுந்ததாகச் சொன்னாராம். கடைசிவரை அந்தக் கை தலைக்கு மேல் தூக்கமுடியாது. எங்கள் வீட்டில் அந்த வருஷங்களில் பசி இல்லாமல் இருந்ததற்குக் காரணம் அவர்தான் என்பதை அப்பா இந்த டிசம்பரில்தான் சொன்னார். மாமா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

அந்தப் பேச்சு கிளம்பியதே ஒரு பஞ்சரால்தான். மகளோடு வெள்ளறடை பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பாதையில் போனபோது கூர்ந்த கல் ஒன்று என் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. என்னுடையது ட்யூப் இல்லாத டயர். உள்ளே ஒரு பால் ஊற்றியிருக்கும், சின்ன ஓட்டை என்றால் தானே அடைத்துக்கொள்ளும். கிழிசல் பெரிது, பால் முழுக்க வெளியே. தள்ளிக்கொண்டே வந்து முற்றத்தில் சாத்தினேன். அப்பா வழிந்ததைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"இது நம்ம ரப்பர் பாலுல்லா!"

அதே பால்தான், உறையாமல் இருக்க அதே அமோனியா. முப்பது வருஷம் சிரட்டையில் பால் எடுத்த மனிதருக்கு மணம் தெரியாதா? 1876ல் விக்காம் பிரேசிலில் இருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகளின் வாரிசுகள் இலங்கைக்கு வந்து, 1902ல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் தோட்டமானது. அதற்கு முந்தைய ரப்பர் காட்டு ரப்பர். 1890களின் சைக்கிள் டயர் மோகத்துக்காகப் பெல்ஜிய மன்னரின் ஆட்கள் காங்கோவில் கைகளை வெட்டிய கதையை, 1904ல் ரோஜர் கேஸ்மெண்ட் அறிக்கையாக எழுதினார். டயரைப் பற்றிப் பேசினால் இதையும் விட்டுவிட முடியாது.

சரி, பஞ்சருக்கு வருவோம். முக்கு சைக்கிள் கடைக்குப் போய் 28 அங்குல ட்யூப் கேட்டேன். ரிம் 13 மில்லிமீட்டர் சின்னது என்றாலும் ட்யூப் ஒத்துக்கொள்ளும். ஆனால் நம்மூர் வால்வு தடி, என் ரிம் துளை 6.5 மில்லிமீட்டர். நுழையவில்லை. "நம்ம டியூபு கேறாத வண்டி என்ன வண்டிலே? இதுக்கு எத்தற சக்கறம் குடுத்தே?" என்றார் அப்பா. (திருவிதாங்கூரில் 28 சக்கரம் ஒரு ரூபாய். 28 அங்குல சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!)

ஊருக்குக் கொண்டுபோகிற எண்ணத்தில் வாங்குகிறவர்களுக்கு: சட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், எவ்வளவு அகல டயர் ஏறும் என்று பாருங்கள். 40 போதும், 45 ஏறினால் நல்லது. தடித்த வால்வு நுழையும் 8.5 மில்லிமீட்டர் துளை ரிம்மாகக் கேளுங்கள், அல்லது சொந்த ட்யூப் இரண்டு கையோடு கொண்டுபோங்கள். பக்கவாட்டு வலுவான டயராக இருக்கட்டும். பாசிக்கு எந்தப் பல் டயரும் உதவாது, இறங்கித் தள்ளவேண்டியதுதான். பழையதைவிடப் புதியது நிஜமாகவே மேல் என்றால் இரண்டில்: டிஸ்க் பிரேக், கியர். அப்பாவின் சைக்கிளில் ஒரு மிதிக்கு வண்டி 5 மீட்டர் போகவேண்டும், மேடோ பள்ளமோ. எனக்கு முன்னால் 40 பல், பின்னால் 42 வரை. மேட்டில் உட்கார்ந்தே ஏறலாம்.

அப்பா பிரேக்கை மட்டும் பலமுறை அழுத்திப் பார்த்தார். "இது அண்ணைக்கு இருந்திருக்கணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆக்கர்காரர் வந்தபோது அக்காதான் பழைய பம்ப் செட்டைக் கொடுத்து அனுப்பினாள். ஹெர்குலிஸுக்கு 28 x 1½ டயர் இரண்டும் நெய்யாற்றின்கரையில் ஒரே கடையில் கிடைத்தன. கோட்டம் எடுத்து, பால்ஸ் மாற்றி, கிரீஸ் வைத்தாயிற்று. பின்பக்கப் பிரேக் கட்டைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.