பட்டினப்பாலையும் பொரித்த வஞ்சிரமும்

பெசன்ட் நகர்க் கடற்கரையில் விடியலில் நடப்போர் இரு வகையினர். மருத்துவர் சொன்னபின் நடப்போர் ஒரு வகை. சொல்லிவிடுவாரோ என்று அஞ்சி முன்னரே நடப்போர் மறுவகை. நாங்கள் முதல் வகை. ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் மூவர். மூவரும் நாற்பதைக் கடந்தவர்கள். மூவருக்கும் இரத்தத்தில் சர்க்கரை சற்றே கூடுதல். நடைபாதை முடியுமிடத்தில் எல்லோரையும் போலத் திரும்பிவிடாமல் வடக்கே ஊரூர் ஒல்காட் குப்பத்தின் வழியாக, 1977இல் வெள்ளம் உடைத்துச் சென்ற அடையாற்றுப் பாலம் வரை போய் மீள்வது எங்கள் வழக்கம்.

இடர் காலையில் இல்லை, மாலையில் இருக்கிறது. அதே கடற்கரையில் அந்தி சாய்ந்தால் வறுகடைகள் விளக்கேற்றிவிடும். மிளகாய்த்தூள் பூசிய வஞ்சிரத் துண்டும் சங்கராவும் தட்டில் அடுக்கப்பட்டிருக்க, எண்ணெய் சீறும் ஓசை தெருமுனைவரை வரும். கணக்கு எளியது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி; எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது ஐம்பது சொச்சம். ஆக, இரண்டு கிலோமீட்டர் நடை ஒரு கரண்டி எண்ணெய்க்கே சரியாகிவிடுகிறது. மீனுக்குத் தனியே நடக்க வேண்டும்.

நடைக்கும் நாவுக்கும் இடையிலான இந்த வழக்கு என்று தொடங்கியது? தமிழாசிரியர்கள் ஆகையால் பழைய ஏட்டைத்தான் புரட்டினோம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகால் சோழனைப் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரைக் காட்சியொன்று வருகிறது. வலிய தொழில் செய்யும் மாந்தர் சுட்ட இறாலைத் தின்கிறார்கள். வயலாமையைப் புழுக்கி உண்கிறார்கள். மணலில் படரும் அடும்பின் மலரைச் சூடிக்கொண்டு, முதிய மரங்கள் நிற்கும் களத்தில் கூடுகிறார்கள். பிறகு கையாலும் படைக்கலத்தாலும் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். கவணில் அவர்கள் எறியும் கல்லுக்கு அஞ்சிப் பனைமரத்துப் பறவைகள் கலைகின்றன. உண்டபின் உடற்பயிற்சி! இன்றைய பயிற்றுநர் எவரும் ஒப்பமாட்டார்.

அதே பாட்டில் இன்னோரிடத்தில் நறவு விற்கும் மனை வருகிறது. வாயிலில் கொடி பறக்கிறது, பலர் நுழைகிறார்கள், முற்றத்தில் மீனும் இறைச்சியும் அறுக்கப்பட்டுப் பொரிகின்றன. பொரியும் ஒலியையும் புலவர் விட்டுவிடவில்லை. இன்று நட்சத்திர விடுதிகளில் ‘பப்’ என்று பெயர் சூட்டி விலை கூட்டி விற்பதன் தமிழ் முன்னோடி இதுதான் என்றால் மிகையன்று.

ஆனால் எங்களை நிறுத்தி வைத்தது மூன்றாவது காட்சி. முழுநிலா நாளில் பரதவர் கடலுக்குப் போவதில்லை. சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, தாழை மலர் சூடி, பனங்கள் பருகி, உண்டு ஆடுகிறார்கள். கடலிலும் ஆற்றிலும் நீராடுகிறார்கள். விருந்துக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. மற்ற நாட்களில் உடலைக் கடல் பார்த்துக்கொண்டது.

மிகையுண்டிக்கும் நம் இலக்கியத்தில் சான்று இல்லாமலில்லை. பொருநராற்றுப்படையின் பொருநன் கரிகாலனின் விருந்தில் இரவு பகலாக ஊன் தின்று, பல் மழுங்கி, மூச்சுவிடவும் இடமின்றி, உணவையே வெறுத்துப்போய் விடைகேட்கிறான். அவனைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. பசியில் அலைந்து வந்தவன் அவன். நாங்கள் அப்படி வந்தவர்களா என்ன?

பத்துப்பாட்டை 1889இல் அச்சில் தந்தவர் உ.வே.சாமிநாதையர். அவர் பெயரில் 1943இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய நூல்நிலையம் இன்று அருண்டேல் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. குப்பம் தாங்கியிருக்கும் பெயரோ கர்னல் ஒல்காட்டினுடையது. 1882இல் அடையாற்றங்கரைத் தோட்டத்தை வாங்கிப் பிரம்மஞான சபையின் தலைமையகமாக்கியவர் அவர். புலாலுக்கும் மதுவுக்கும் இடமில்லாத அந்த வளாகத்தின் நிறுவனர் பெயரை மீன் மணக்கும் ஊரொன்று சுமந்து நிற்பது, சென்னைக்கே உரிய வேடிக்கை.

கொடி பறந்த நறவுமனை எங்கே போயிற்று? இராஜாஜி அமைச்சரவை 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் தளர்ந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை அரசின் கையில். குடியின் நன்மை தீமை இங்கே எம் பொருளன்று. குடியால் சிதைந்த வீடுகளை எம் மாணவர் வழியே நன்கறிவோம். ஆயினும் கள்ளுக்கடையோடு ஒரு சமையலும் போயிற்று என்பதைச் சொல்லியாக வேண்டும். கேரளத்தார் கள்ளுக்கடையை விடவில்லை. அதனால் அங்கே குடம்புளி இட்ட மீன்கறியும் கப்பையும், குடிக்காதவரும் தேடிச்சென்று உண்ணும் பெருமையோடு நிலைத்தன. நமக்கு எஞ்சியது மதுக்கூடத்து அவித்த முட்டையும் மாங்காய்க் கீற்றும். கடற்கரை வறுகடை மட்டுமே அந்தப் பழைய முற்றத்தின் மிச்சம். கள் இல்லை, கொடி இல்லை, பொரியும் ஒலி மட்டும் உண்டு.

ஒருநாள் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களை நிறுத்தினார். “இன்னா சார், டெய்லி இம்மா வேகமா எங்கதான் போறீங்க?” பாலம் வரை என்றோம். “அங்க இன்னா இருக்குது?” ஒன்றுமில்லை, திரும்பிவிடுவோம் என்றோம். அவர் சிரிக்கவில்லை, அதுதான் எங்களைச் சுட்டது. நள்ளிரவு கடந்து கடலேறி, விடிந்தபின் கரை சேர்ந்து, படகை மணலில் தள்ளி ஏற்றிவிட்டு அமர்ந்திருந்தவர் அவர். பட்டினப்பாலையின் களத்தில் இறாலைத் தின்றவனும் மோதியவனும் ஒருவனே. இங்கே மீனுக்காக உழைக்கும் உடல் ஒன்று. தின்றுவிட்டு அதைக் கரைக்க நடக்கும் உடல் வேறொன்று. இரண்டும் விடியலில் ஒரே மணலில் ஒன்றையொன்று கடந்து போகின்றன. அவரிடம் மீன் வாங்கும் வழக்கம்கூட எங்களுக்கு இருந்ததில்லை.

இப்போது வாங்குகிறோம். காலை நடை முடிந்து திரும்புகையில், அவர் மனைவி கரையோரம் பரப்பியிருக்கும் கூறிலிருந்து, வாரத்தில் இரு நாள். வீட்டில் அது குழம்பாகிறது. வறுகடைக்கு மட்டும் நாள் குறித்துவிட்டோம்: பரதவர் வழியில், முழுநிலா மாலை. அன்று கணக்குப் பார்ப்பதில்லை. மூன்று நிலாக்கள் ஆயிற்று. எங்களில் ஒருவர், அமாவாசையையும் சேர்த்துக்கொள்ளச் சங்க இலக்கியத்தில் சான்று தேடிக்கொண்டிருக்கிறார்.