கிணற்றைப் பிரிக்க முடியுமா?

கிராமப் பங்குகளில் பணியாற்றிய நாள்களில் பாகப்பிரிவினை வழக்குகள் பல நம் முன் வந்ததுண்டு. பங்காளிகள் இருவர் கணக்கெழுதிய தாளோடு பங்கு இல்லத் திண்ணையில் வந்து அமர்வார்கள். "சாமி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று மூத்தவர் தொடங்குவார். வீடு, களம், தோட்டம், கால்நடை யாவும் ஒரு முற்பகலில் பிரிந்துவிடும். கிணற்றுக்கு வரும்போதுதான் இருவரும் மௌனமாவார்கள். கிணற்றின் நடுவே சுவர் எழுப்ப இயலாது. இன்ன கிழமை உனக்கு, இன்ன கிழமை எனக்கு என்று முறை வைத்துத்தான் இறைக்க வேண்டும். உறவை அறுத்துக்கொள்ள வந்தவர்கள், அந்த ஒரு கிணற்றின் பொருட்டு ஆயுள் முழுவதும் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பியே வாழ வேண்டியவராயினர்.

இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் தாங்கிய நம் ஆர்.எஸ்.புரத்தில் அந்தத் திண்ணைகள் இல்லை. ஆயினும் அதே வழக்கு வேறு உருவில் வந்தது. 2021 ஜூலையில், புதிதாகப் பொறுப்பேற்ற மத்திய அமைச்சர் ஒருவரைப் பற்றிய குறிப்பில் 'கொங்கு நாடு' என்னும் சொல் இடம்பெற்றதையொட்டி, கொங்கு மண்டலம் தனி மாநிலமாகுமா என்ற பேச்சு எங்கும் எழுந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்த இறைமக்கள் சிலர், "பிரிந்தால் நமக்கு நல்லதா, சாமி?" என்று கேட்டனர். ஆம் என்றோ இல்லை என்றோ தீர்ப்புரைப்பது நம் பணி அன்று. ஆனால் எல்லைகள் பிரிந்தபோதெல்லாம் எந்தக் கணக்குகள் தீர்ந்தன, எவை தீராமல் நின்றன என்று வரலாற்றைக் கேட்டுப் பார்ப்பது தகும்.

தொலைவிலிருந்து தொடங்குவோம். 1707இல் இங்கிலாந்தோடு இணைந்த ஸ்காட்லாந்து, 2014 செப்டம்பர் 18 அன்று தனி நாடாவதா என்று வாக்களித்தது. நூற்றுக்கு 55 பேர் வேண்டாம் என்றனர். 45 பேர் வேண்டும் என்றனர். அந்நாள்களில் அங்கே எழுந்த கேள்விகளை மூன்றாக வகுக்கலாம்: ஆட்டம் என்னாகும்? ஆட்சி என்னாகும்? பணம் என்னாகும்?

ஆட்டத்தைப் பொறுத்தவரை பிரிவினை முன்னரே நடந்து முடிந்திருந்தது. 1872 நவம்பர் 30 அன்று ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் கிளாஸ்கோ அருகே ஆடிய கால்பந்தாட்டமே உலகின் முதல் அதிகாரபூர்வப் பன்னாட்டு ஆட்டம். ஒருவரும் கோல் அடிக்கவில்லை. ஒரே அரசின் கீழ் இருந்துகொண்டே கால்பந்தில் அவர்கள் தனி நாடாக வாழ்ந்து வருகிறார்கள். இங்கிலாந்து மண்ணில் உள்ள பெரிக் நகரின் கழகமோ ஸ்காட்லாந்துப் போட்டிகளில் ஆடுகிறது. ஆட்டக்களத்தின் எல்லை ஆட்சியின் எல்லையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை.

நம் நாட்டிலும் அப்படித்தான். 1956 நவம்பர் முதல் நாள், மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, ஹைதராபாத் மாநிலம் வரைபடத்திலிருந்து மறைந்தது. அடுத்த மாதமே மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி நான்காம் இடம் பெற்று உலகை வியக்க வைத்தது. அந்த அணியின் பயிற்றுநர் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். மாநிலம் மறைந்த பின்னும் ஹைதராபாத் அணி அப்பெயரிலேயே சந்தோஷ் கோப்பையை வென்றது. இரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட்டில் இன்றும் ஹைதராபாத் வேறு, ஆந்திரம் வேறு. ஆகவே மூன்று கணக்குகளில் ஆட்டக் கணக்கே எளியது. அதில் சொத்து குறைவு, உணர்ச்சி மிகுதி. கொடியும் சட்டையும் கிடைத்தால் மனம் நிறைந்துவிடுகிறது.

ஆட்சிக் கணக்கு அத்தனை எளிதன்று. 1956இல் நம் கோவை மாவட்டமும் பிரிக்கப்பட்டது என்பதை இளையோர் பலர் அறியார். காடும் பட்டு வளர்ப்பும் பெயர் பெற்ற கொள்ளேகால் வட்டம், கோவை மாவட்டத்திலிருந்து மைசூர் மாநிலத்திற்குச் சென்றது. மலபார் மாவட்டம் கேரளத்தோடு இணைந்தது. அதற்கு ஈடு சொல்வதுபோலத் தெற்கே கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. கொள்ளேகால் மக்களிடம் ஸ்காட்லாந்தில் நடந்ததுபோல் வாக்கு ஏதும் கேட்கப்படவில்லை. அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, மாநில எல்லையை மாற்றும் உரிமையை நாடாளுமன்றத்திற்கு அளிக்கிறது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டுமேயன்றி இசைவைப் பெற வேண்டியதில்லை. கொள்ளேகால் பகுதியின் மார்ட்டள்ளி போன்ற தமிழ்க் கத்தோலிக்க ஊர்களுக்கு அரசு அலுவலகத்தின் மொழி கன்னடமாயிற்று. மொழியை வைத்துக் கோடு கிழித்தாலும், கோட்டின் இருபுறமும் சிலர் சிறுபான்மையினர் ஆவது தவிர்க்க முடியாததாகிறது.

பிரிவினைக் கோரிக்கைகளுக்கு இன்னொரு விளைவும் உண்டு. திராவிட நாடு கேட்ட அறிஞர் அண்ணா, 1962இன் சீனப் படையெடுப்பையும் 1963இன் பதினாறாம் அரசியல் சட்டத் திருத்தத்தையும் அடுத்து அக்கோரிக்கையைக் கைவிட்டார். அவர் தொடங்கிய இயக்கம் மாநில சுயாட்சியைக் கேட்கலாயிற்று. ஸ்காட்லாந்திலும் 1999இல் தனி நாடாளுமன்றம் பிறந்தது. பிரிய வேண்டும் என்ற குரல் பல வேளைகளில் பிரிவில் முடிவதில்லை. வீட்டுக்குள்ளேயே தனிச் சமையலறையில் முடிகிறது.

இனிப் பணம். ஸ்காட்லாந்தில் வாதத்தின் கனம் இங்கேதான் இருந்தது. வடகடல் எண்ணெய் யாருக்கு, பழைய தேசியக் கடனில் பங்கு எவ்வளவு, பவுண்டு நாணயத்தைத் தொடர்ந்து வழங்கலாமா என்றெல்லாம் கேட்டார்கள். பிரிவோர் நாணயத்தைப் பகிர விரும்பினர், இலண்டன் மறுத்தது.

இக்கேள்வியை உலகில் மிகக் கடுமையான வேளையில் எதிர்கொண்டவர்களுள் ஒருவர் நம் கோவையைச் சேர்ந்தவர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், 1947 நவம்பர் 26 அன்று முதல் வரவுசெலவுத் திட்டத்தை அளித்தபோது, பாகிஸ்தானோடு பாகப்பிரிவினை இன்னும் முடிந்திருக்கவில்லை. ரொக்க இருப்பில் பாகிஸ்தானுக்கு எழுபத்தைந்து கோடி ரூபாய் என முடிவாயிற்று. இருபது கோடி முன்னரே தரப்பட்டிருந்தது. எஞ்சிய ஐம்பத்தைந்து கோடியைக் காஷ்மீர்ப் போரின் காரணமாக இந்தியா நிறுத்தி வைத்தது. 1948 ஜனவரி 13இல் மத நல்லிணக்கம் வேண்டிக் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். 15ஆம் நாள் அத்தொகையை விடுவிப்பதாக அரசு அறிவித்தது. அதே மாதம் முப்பதாம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். போரிடும் சகோதரனுக்கும் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்பது எத்தனை விலையுயர்ந்த பாடம்!

பணத்தையாவது எண்ணிப் பிரிக்கலாம். தண்ணீரை? ஆர்.எஸ்.புரத்தில் நாம் பருகும் சுவை மிகுந்த சிறுவாணி நீர், ஒரு காலத்தில் ஒரே சென்னை மாகாணத்திற்குள் பாய்ந்தது. 1956இல் மலபார் கேரளத்திற்குப் போனபோது, நம் ஊர்க் குடிநீரின் ஊற்றும் உடன் போயிற்று. 1973இல் இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அணை கேரள மண்ணில், கட்டியது கேரளம், செலவு தமிழகத்தினுடையது, ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. நீர், தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்கு. பொள்ளாச்சி, உடுமலை வயல்களை வாழ்விக்கும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டமும் இத்தகையதே. பரம்பிக்குளம் அணை கேரளத்தில் உள்ளது, இயக்குவது தமிழகம். மறுபக்கம், சித்தூர் உழவர்களுக்காக மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரை நாம் விட வேண்டும். கோடை வறளும் ஆண்டுகளில் இருபுறமும் குரல்கள் உயர்கின்றன. இருப்பினும் முறை நீர் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் மறைமாவட்டத்தின் அனுபவமும் சிந்திக்கத் தக்கது. அரசு எல்லை 1956இல் மாறியும், பாலக்காட்டுப் பக்கத்துப் பங்குகள் பல கோவை மறைமாவட்டத்திலேயே தொடர்ந்தன. 2013 டிசம்பர் 28 அன்றுதான், கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்துச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாயிற்று. ஏறத்தாழ ஐம்பத்தேழு ஆண்டுகள் ஓர் ஆயரின் மந்தை இரு மாநிலங்களில் மேய்ந்தது, வழிபாடு நின்றுபோகவில்லை.

தன் சகோதரனோடு சொத்தைப் பிரித்துத் தரும்படி ஒருவன் இயேசுவிடம் கேட்டதை லூக்கா எழுதுகிறார். பாகம் பிரிப்பவராயிருக்க ஆண்டவர் மறுத்தார். பேராசையைக் குறித்து எச்சரித்தார். பிரிவது பாவம் என்றும் அவர் சொல்லவில்லை, புண்ணியம் என்றும் சொல்லவில்லை. எதற்காகக் கேட்கிறாய் என்று மட்டும் நெஞ்சைப் பார்த்தார்.

எனவே நம்மிடம் கேட்போருக்கு நாம் சொல்வது இதுதான். தனி மாநிலம் கேட்போரும் மறுப்போரும் முதலில் கிணற்றைப் பற்றிப் பேசட்டும். வரி வருவாய் நமக்கே என்று கணக்கிடுவோர், காவிரியும் பவானியும் அமராவதியும் கீழே யார் வயலுக்குப் போகின்றன என்பதையும் கணக்கிடட்டும். ஒற்றுமையே பெரிதென்போர், தனக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று தம்பி சொல்லும்போது கணக்கேட்டைத் திறந்து காட்டட்டும். கோடு கிழிக்க ஒரு நாள் போதும். முறை தவறாமல் தண்ணீர் விட, தலைமுறை தலைமுறையாய் நேர்மை வேண்டும். அந்த நேர்மை நம்மிடம் உண்டென்றால் எந்த எல்லையும் நம்மை அழிக்காது. இல்லையென்றால் ஒரே கூரையின் கீழும் நாம் அந்நியரே.