குரலுக்கு ஏற்ற கட்டை



பாட்டு வகுப்பிலிருந்து வந்த பேத்தி, "தாத்தா, எனக்கு 5½ கட்டைன்னு டீச்சர் சொன்னாங்க. கட்டைன்னா என்ன?" என்று கேட்டாள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் சும்மா விடுவேனா? உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கட்டை என்பது ஆர்மோனியத்தில் விரல் வைத்து அழுத்தும் கட்டைதான். 1842-இல் பாரிஸில் தெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற கருவி அது. நம் நாட்டுக்கு வந்து, நாடக மேடையில் முன்வரிசை பிடித்துக்கொண்டது. வெள்ளைக் கட்டைகளை 1 முதல் 7 வரை எண்ணினார்கள். 1-க்கும் 2-க்கும் நடுவிலுள்ள கறுப்பு, 1½. 5-க்கும் 6-க்கும் நடுவிலுள்ளது 5½. எந்தக் கட்டையை ஸட்ஜமாக வைத்துப் பாடுகிறோமோ, அதுவே நம் சுருதி. கமகம் பேசாத கருவி என்று 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டிருந்தது. ஆனால் கட்டைக் கணக்கை யாராலும் தடுக்க முடியவில்லை!

பொதுவாக ஆண்கள் 1 கட்டையை ஒட்டியும், பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். அவர் பஞ்சமம் இவருக்கு ஸட்ஜம். ராகம் மாறாது, அது நிற்கும் இடம்தான் மாறும். தம்புரா, வயலின், மிருதங்கத்தின் வலந்தலை எல்லாம் பாடுகிறவர் குரலுக்கே சேர்க்கப்படும். கருவிதான் குரலுக்கு இறங்கி வர வேண்டும், குரல் கருவிக்கு அல்ல.

ஆனால் குரல் மட்டுமே சுருதியை முடிவு செய்ததில்லை. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்காரருக்கும் கேட்டாக வேண்டும். 1933-இல் 27 வயதிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் உச்சஸ்தாயியை ஊரே கொண்டாடியதற்கு அதுவும் ஒரு காரணம். மைக் வந்தபின், கத்தாமல் தனக்கு வசதியான சுருதியில் பாடலாம் என்றாயிற்று.

நாகஸ்வரத்திலும் இதே கதை. வீதி உலாவுக்குக் குட்டையான, சுருதி கூடிய திமிரி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளமான, சுருதி குறைந்த பாரி நாகஸ்வரத்தை நிலைநிறுத்தினார். அதனால் அதன் சுருதி பாட்டுக்காரர்கள் சுருதிக்கு நெருங்கி வந்தது.

இனி ஒரு மன்னிப்பு. பள்ளிக் காலை வணக்கத்தில் எல்லோரையும் 5 கட்டையில் பாட வைத்தோம். சிறு பிள்ளைகளுக்குச் சரி. குரல் உடையும் ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு? ஏறக்குறைய ஒரு ஸ்தாயியே இறங்கிக்கொண்டிருக்கும் குரல் அது. கீச்சிட்ட ஒருவனை "கழுதை மாதிரி கத்தாதே" என்று எல்லோர் முன்னிலையிலும் திட்டினேன். அதன்பின் அவன் வாயசைத்தானே தவிர, பாடவில்லை. குற்றம் அவன் தொண்டையில் இல்லை. நான் இறக்காத கட்டையில் இருந்தது. தம்பி, இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.

உங்கள் வீட்டுப் பிள்ளை "எட்டலை" என்று சொன்னால் "உனக்குப் பாட்டு வராது" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு கட்டை இறக்கிப் பாருங்கள். அதிலும் சிரமப்பட்டால் இன்னொரு கட்டை.

உங்கள் கட்டை எது? கருத்துப் பெட்டியில் எழுதுங்கள்.